பாலில் சிக்கிய குமிழி

முதல் நாள் மாலையில் அரைத்து மூடி வைத்த இட்லி மாவை மறுநாள் காலையில் திறந்து பார்க்கிறோம். பாதிப் பாத்திரம் இருந்த மாவு விளிம்பு வரை பொங்கி நிற்கிறது. கரண்டியை விட்டால் உள்ளே எங்கும் சிறு சிறு குமிழிகள். அவை மேலே வந்து உடைந்து போகாமல் இரவு முழுவதும் மாவுக்குள்ளேயே தங்கியிருந்தன. அவை தங்கியதால்தான் இட்லி பஞ்சுபோல் வருகிறது. தங்காமல் போயிருந்தால் தட்டில் கல்தான் கிடைக்கும்.

இனி மற்றொரு காட்சியைக் காண்போம். ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரில், புகையில் காய்ந்து தேன் நிறம் பெற்ற ரப்பர் ஷீட் ஒன்றை ஒருவர் இரு கைகளாலும் விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். ஷீட்டுக்குள் ஊசித்தலை அளவில் குமிழிகள் தெரிகின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாய் இருந்தால் முதல் தரத்துக்கும் அவை குறையல்ல என்று ரப்பர்த் தர விதிகளே இடந்தருகின்றன. மிகுந்திருந்தாலோ ஷீட் அடுத்த தரத்துக்கு இறங்கும். தரம் இறங்கினால் விலையும் இறங்கும். மரம் வெட்டியவர், பால் சுமந்தவர், உறைய வைத்தவர், புகையிட்டவர் ஆகிய அத்தனை பேரின் உழைப்பும் அந்தச் சிறு குமிழிகளால் மதிப்புக் குறைந்து நிற்கும்.

ஒரே குமிழி சமையற்கட்டில் வரவேற்கப்படுகிறது; ஸ்டோரில் வெறுக்கப்படுகிறது. ஓரிடத்தில் அது தங்க வேண்டும். மற்றோரிடத்தில் வெளியேற வேண்டும். தங்குவதையும் வெளியேறுவதையும் முடிவு செய்வது எது? திடத் துகள்கள் மிதந்து நிற்கும் திரவத்தில் குமிழி எவ்வாறு நகர்கிறது என்பதை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். ரப்பர்ப் பாலையே முதன்மைச் சான்றாக வைத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

வெறும் நீரில் குமிழி

முதலில் துகள் எதுவும் இல்லாத தூய நீரைப் பார்ப்போம். நீருக்குள் இருக்கும் காற்றுக் குமிழி, தான் இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான விசையால் மேலே தள்ளப்படுகிறது. இஃது ஆர்க்கிமிடீசின் தத்துவம். குமிழிக்குள் இருக்கும் காற்றின் எடையோ மிகச் சொற்பம். ஆதலின் மேலே தள்ளும் விசையே எப்போதும் வெல்கிறது.

அப்படியானால் குமிழியின் வேகம் கூடிக்கொண்டே போகவேண்டும் அல்லவா? போவதில்லை. குமிழி நகர நகர, சுற்றியுள்ள நீர் அதற்கு வழிவிட்டு விலக வேண்டியிருக்கிறது. விலகும் நீர் ஒன்றோடொன்று உராய்கிறது. அந்த உராய்வு குமிழியைக் கீழே பிடித்து இழுக்கிறது. வேகம் கூடினால் இழுப்பும் கூடும். ஏதோ ஒரு வேகத்தில் மேல்தள்ளலும் கீழ்இழுப்பும் சமமாகிவிடும். அதன்பின் குமிழி மாறாத வேகத்தில் ஏறும். இதனை இறுதி வேகம் என்கிறோம்.

மிகச் சிறிய உருண்டைகளின் இறுதி வேகத்தைக் கணக்கிடும் விதியை 1851-ஆம் ஆண்டில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் வகுத்தார். அவ்விதியின் சாரம் இரண்டே செய்திகள். குமிழியின் விட்டம் பாதியானால் வேகம் நாலில் ஒன்றாகும். திரவத்தின் பாகுநிலை, அஃதாவது தேனுக்கும் நீருக்கும் உள்ள வேறுபாட்டை உண்டாக்கும் அந்தத் தடித்த தன்மை, இரு மடங்கானால் வேகம் பாதியாகும்.

எண்களில் சொன்னால் இது நன்கு விளங்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள குமிழி, நீரில் நொடிக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஏறும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தைக் கடக்க அதற்குப் பத்து நொடி போதும். விட்டம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்து, மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கானால் வேகம் இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும். அதே ஐந்து சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு நான்கு நிமிடம் வேண்டும். குமிழி சிறுத்தால் அதன் பயணம் எவ்வளவு நீள்கிறது என்பதைக் காண்க.

பெரிய குமிழிகளின் கதை வேறு. அவை உருண்டையாக நில்லாமல் சப்பையாகும்; நேரே ஏறாமல் வளைந்தும் சுழன்றும் ஏறும். இந்தச் சுழலும் பாதையை லியோனார்டோ டா வின்சி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கவனித்துக் குறித்து வைத்தார். இன்னும் பெரிய குமிழிகள் கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவங் கொள்ளும். இவற்றின் வேகத்தைத் திரவத்தின் பாகுநிலையைக் காட்டிலும் அவற்றின் பருமனே முடிவு செய்கிறது என்பதை டேவிஸ், டெய்லர் ஆகிய இருவரும் 1950-இல் விளக்கினர். ரப்பர் ஷீட்டைக் கெடுப்பவை இத்தகைய பெரிய குமிழிகள் அல்ல. அவை தாமே விரைந்து மேலேறி உடைந்துவிடும். நமக்குத் தொல்லை தருபவை சிறியவையே.

துகள்கள் வந்தால் என்ன ஆகும்?

ரப்பர்ப் பாலைப் பலரும் ஒரே திரவம் என்று எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. நீர் போன்ற தெளிந்த சாற்றில் கோடானுகோடி ரப்பர்த் துகள்கள் மிதந்து நிற்பதே ரப்பர்ப் பால். மரத்திலிருந்து வடிந்த பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை ரப்பர் இருக்கும். அத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குகூட இல்லாதவை. மிகப் பெரியவையும் இரண்டு மூன்று பங்கே இருக்கும். ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய போர்வை மூடியிருக்கிறது. அப்போர்வை மின்னூட்டம் பெற்றிருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒட்டாமல் தனித்தனியே நிற்கின்றன.

இத்துகள்களின் நடுவே ஒரு காற்றுக் குமிழி ஏறுகிறது என்று கொள்வோம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குள்ள குமிழியே துகளைப்போல் நூறு மடங்கு பெரியது. யானைக்கு எறும்புக் கூட்டம் எப்படியோ அப்படியே குமிழிக்கு இத்துகள்களும். தனித்தனியே எதனோடும் அது மோதுவதில்லை. துகளும் நீரும் சேர்ந்த கலவை முழுவதையும் நீரைவிடத் தடித்த ஒரு திரவமாகவே அது உணர்கிறது.

எவ்வளவு தடித்தது? இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். தூய திரவம் ஓடும்போது அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. நடுவே ஒரு திட உருண்டை இருந்தால் அடுக்குகள் அதைச் சுற்றி வளைய வேண்டும். உருண்டையோ வளைந்து கொடுப்பதில்லை. அது செய்ய மறுத்த நெளிவையும் சேர்த்துச் சுற்றியுள்ள திரவமே செய்ய நேர்கிறது. ஆகவே உராய்வு கூடுகிறது. 1906-இல் அச்சான தம் ஆய்வுரையில் ஐன்ஸ்டைன் இதைக் கணக்கிட்டு, பருமனில் நூற்றுக்கு ஒரு பங்கு துகள் இருந்தால் பாகுநிலை நூற்றுக்கு ஒரு பங்கு உயரும் என்றார். பின்னர்ப் பாரிஸில் பெரினுடைய ஆய்வுக்கூடத்தில் பான்சலென் என்பவர் அளந்து பார்த்தபோது உயர்வு அதைவிட மிகுதியாக இருந்தது. ஐன்ஸ்டைன் தம் மாணவர் ஹோப்ஃபிடம் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார். ஹோப்ஃப் பிழையைக் கண்டுபிடித்தார். 1911-இல் திருத்திய விடை வெளிவந்தது: நூற்றுக்கு ஒரு பங்கு துகளுக்கு நூற்றுக்கு இரண்டரைப் பங்கு உயர்வு. பேரறிஞரின் கணக்கையும் சோதனைச்சாலை திருத்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ? வகுப்பில் கணக்குத் தவறிய மாணவனுக்கு ஆசிரியர் இதனைத் தயங்காமல் சொல்லலாம்.

ஐன்ஸ்டைனின் விதி துகள்கள் மிகக் குறைவாய் இருக்கும்போதே பொருந்தும். துகள்கள் நெருங்க நெருங்க, ஒன்று மற்றொன்றின் வழியில் குறுக்கிடும். பாகுநிலை படிப்படியாக அன்றி, பாய்ந்து உயரும். ஒரே அளவான உருண்டைகளைக் கண்டபடி கொட்டிக் குலுக்கினால் அவை பருமனில் நூற்றுக்கு 64 பங்கு வரை நெருங்கும். அந்த எல்லையை அணுகும்போது கலவை ஓடுவதையே நிறுத்திவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஆள் குறைவாக இருக்கும்வரை ஒதுங்கி நடக்கலாம். தோளோடு தோள் நெருங்கியபின் ஒருவர் அசைய வேண்டுமானால் ஊரே அசைய வேண்டும்.

நீர் கலப்பதன் பொருள்

இப்போது ஸ்டோரில் நடக்கும் ஒரு வேலையின் காரணம் நமக்குத் தெளிவாகும். தோட்டத்திலிருந்து வந்த பாலை அப்படியே உறைய வைப்பதில்லை. வடிகட்டிய பின் நீர் ஊற்றி, ரப்பரின் அளவு நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை இருக்குமாறு தளர்த்துகின்றனர். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டு அளவு பார்க்கின்றனர். விற்கப்போவது ரப்பர், அப்படியிருக்க ஏன் இவ்வளவு நீர் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர் உண்டு. ஷீட் ஒரே தன்மையாகவும் உருளையில் எளிதில் அழுந்துமாறும் அமைவது இதன் ஒரு பயன். குமிழி வெளியேறுவது மற்றொரு பயன்.

முன்னர்ச் சொன்ன மிகச் சிறிய குமிழியையே எடுத்துக்கொள்வோம். நீரில் ஐந்து சென்டிமீட்டர் ஏற அதற்கு நான்கு நிமிடம் ஆயிற்று. தளர்த்திய பாலின் பாகுநிலை நீரைப்போல் ஒன்றரை மடங்கு எனக் கொண்டால் ஆறு நிமிடமாகும். தளர்த்தாத பாலின் பாகுநிலை நான்கரை மடங்கு எனக் கொண்டால் பதினெட்டு நிமிடமாகும். பன்னிரண்டு நிமிட வேறுபாடு பெரிதா என்று கேட்கலாம். பெரிதுதான், ஏனெனில் அமிலம் சேர்த்தபின் பால் காத்திருப்பதில்லை.

நீர் கலப்பதால் மேலும் ஒரு நன்மை உண்டு. காற்றுக்கு மேலே செல்லும் விதி எதுவோ அதுவே மணலுக்குக் கீழே செல்லும் விதி. தளர்ந்த பாலில் குமிழி விரைந்து ஏறுவதைப் போலவே, மரப்பட்டைத் தூசியோடு வந்த மணலும் மண்ணும் விரைந்து அடியில் படியும். ஆதலின் தளர்த்திய பாலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்திருந்து, அடிமண்டியைக் கலக்காமல் மேற்பாலை மட்டும் ஊற்றிக்கொள்வது வழக்கம். ஒரே காத்திருப்பில் அழுக்கு கீழும் காற்று மேலுமாகப் பிரிகின்றன.

நுரை ஏன் உடைவதில்லை?

மேலே வந்த குமிழி உடைந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. ரப்பர்ப் பாலில் அது எளிதில் உடைவதில்லை, நுரையாகப் படிகிறது. பாலின் சாற்றில் கரைந்துள்ள புரதங்களும் சோப்புப் போன்ற பொருள்களும் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அவை குமிழிக்கு ஒரு சட்டை போட்டுவிடுகின்றன எனலாம்.

இச்சட்டையால் இரண்டு விளைவுகள். முதலாவது, குமிழியின் வேகம் குறைகிறது. சட்டையில்லாத தூய குமிழியின் மேற்பரப்பு திரவத்தோடு சேர்ந்து வழுக்கும். அதனால் அது ஸ்டோக்சின் கணக்கைவிட ஒன்றரை மடங்கு விரைவாக ஏற வேண்டும் என்று 1911-இல் அடமார், ரிப்சின்ஸ்கி ஆகிய இருவர் தனித்தனியே காட்டினர். சட்டையணிந்த குமிழியோ திடமான உருண்டை போலவே நடந்துகொள்கிறது. இரண்டாவது, மேலே வந்து சேர்ந்த குமிழிகள் ஒன்றோடொன்று இணையாமலும் உடையாமலும் அடுக்கடுக்காய் நிற்கின்றன.

எனவேதான் அமிலத்தைக் கலக்கியவுடன் ஒரு பலகையாலோ தகட்டாலோ நுரையை வழித்தெடுத்துத் தனியே வைக்கின்றனர். நுரையில் அகப்பட்ட ரப்பர் வீணாவதில்லை. தரம் குறைந்த ரப்பராகப் பயன்படுகிறது. வழிக்காமல் விட்டால் அந்நுரை ஷீட்டின் மேற்பரப்பிலேயே உறைந்து குமிழித் தழும்பாக நிற்கும்.

உறையும் பாலில் ஓர் ஓட்டப் பந்தயம்

இதுவரை பால் தடித்தது என்றோம். ஆனால் அது திரவமாகவே இருந்தது. திரவம் எவ்வளவு தடித்ததாயினும் குமிழி மெதுவாகவேனும் ஏறியே தீரும். ஃபார்மிக் அமிலம் சேர்ந்தபின் நிலைமை அடியோடு மாறுகிறது. துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கக் காரணமான மின்னூட்டத்தை அமிலம் குறைத்துவிடுகிறது. துகள்கள் ஒட்டத் தொடங்குகின்றன. பாத்திரம் முழுவதும் வலைபோன்ற ஒரு கட்டமைப்பு உருவாகிறது.

இவ்வாறு துகள்கள் கைகோத்து நிற்கும் கலவைக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. சிறிய விசைக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய விசைக்கே நெகிழும். சுவரில் பூசிய பெயின்ட் தன் எடையால் வழியாமல் நிற்பதும் தூரிகையின் இழுப்புக்கு மட்டும் ஓடுவதும் இக்குணத்தாலேயே. யூஜின் பிங்காம் என்னும் அமெரிக்க வேதியியலர் இதனை ஆராய்ந்து, 1922-இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். அக்குறிப்பிட்ட அளவை நாம் நெகிழ்வெல்லை என்று வழங்கலாம்.

நெகிழ்வெல்லை உள்ள கலவையில் குமிழியின் கதி என்ன? குமிழியை மேலே தள்ளும் விசை அதன் பருமனைப் பொறுத்தது. விட்டம் இரு மடங்கானால் அவ்விசை எட்டு மடங்காகும். குமிழியைப் பிடித்து வைக்கும் விசையோ அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. விட்டம் இரு மடங்கானால் அது நான்கு மடங்கே ஆகும். எனவே பெரிய குமிழி பிடியை முறித்துக்கொண்டு தப்பிவிடும். சிறிய குமிழி சிக்கிக்கொள்ளும். இங்கே சிக்குவது என்பது மெதுவாக ஏறுவதன்று, ஏறாமலே நின்றுவிடுவது. எத்தனை நாள் காத்திருந்தாலும் அது வெளிவராது.

ஆதலால் பாத்திரத்துக்குள் நடப்பது ஓர் ஓட்டப் பந்தயம். ஒருபுறம் குமிழி மேற்பரப்பை நோக்கி ஏறுகிறது. மறுபுறம் பால் உறைந்து நெகிழ்வெல்லை உயர்கிறது. குமிழி முந்தினால் ஷீட் தெளிவாக அமையும். உறைதல் முந்தினால் குமிழி அங்கேயே சிறைப்படும். நீர் கலந்து தளர்த்துதல், கலக்கியபின் நுரை வழித்தல், அமிலத்தை அளவறிந்து நீர்த்துச் சேர்த்தல் ஆகிய ஸ்டோர் வழக்கங்கள் யாவும் இப்பந்தயத்தில் குமிழியை வெல்லச் செய்யும் வழிகளே.

குற்றம் யாருடையது?

ஷீட்டில் குமிழி கண்டால் உடனே யாராவது ஒருவர்மீது பழி விழுவதுண்டு. நுரை வழித்தவர் கவனக் குறைவானவர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் குமிழிக்குப் பிறப்பிடம் ஒன்றன்று, மூன்று.

பாலை ஊற்றும்போதும் கலக்கும்போதும் உள்ளே புகுந்த காற்று முதலாவது. இது நுரையாக மேற்புறத்தை ஒட்டியே தேங்குவது இயல்பு. இதைத் தடுப்பது ஸ்டோரில் இருப்பவர் கையில் உள்ளது.

இரண்டாவது, பாலிலேயே பிறக்கும் வாயு. மங்கும் வாளியும் நன்கு கழுவப்படாமல் இருந்தாலோ, பால் வெயிலில் நெடுநேரம் நின்றாலோ நுண்ணுயிர்கள் பெருகிப் பாலைப் புளிக்கச் செய்யும். அப்போது வாயு உண்டாகும். பால் உறைந்துகொண்டிருக்கும்போதே கட்டியின் உள்ளே எங்கும் இக்குமிழிகள் பிறக்கும். நெகிழ்வெல்லை ஏற்கெனவே உயர்ந்துவிட்டதால் அவை வெளியேற வழியில்லை. மேலே எவ்வளவு நுரை வழித்தாலும் இவை போகா. தூய்மையும் விரைவும், வேண்டுமிடத்துச் சிறிதளவு சோடியம் சல்பைட்டு அல்லது அம்மோனியாவுமே இதற்கு மருந்து.

மூன்றாவது, புகைக்கூடத்தின் வெப்பம். ஈரம் போகாத ஷீட்டுக்குத் தொடக்கத்திலேயே மிகுந்த சூடு கொடுத்தால் உள்ளே கொப்புளங்கள் எழும். இக்குறை பாலிலும் இல்லை, அமிலத்திலும் இல்லை, நெருப்பில் இருக்கிறது.

குமிழி எங்கே பிறந்தது, எப்போது சிக்கியது என்று கேட்டால்தான் குறையை நீக்க முடியும். கேளாமல் யாரையேனும் குற்றஞ்சாட்டினால் குறையும் நீங்காது. குற்றமற்றவர் மனமும் புண்படும். அறிவியல் பொருளை மட்டுமன்றி மனிதரையும் காக்கும் என்று சொல்வது இதனால்தான்.

1965-இல் மலேசியத் தரநிலை ரப்பர் என்னும் முறை வந்தபின் இந்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி படிப்படியாகக் கட்டி ரப்பராக மாறிவிட்டது. ஷீட் அடிக்கும் ஸ்டோர்கள் அருகிவிட்டன. ஆயினும் தாய்லாந்திலும், கேரளத்திலும், தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் சிறுதோட்டக்காரர்கள் இன்றும் ஷீட் அடிக்கின்றனர். அவர்கள் பாத்திரத்திலும் இதே பந்தயம் நடந்து வருகிறது.

இட்லி மாவும் கான்கிரீட்டும்

இனி இட்லி மாவுக்குத் திரும்புவோம். அரிசித் துகள்கள் நீரில் மிதக்கின்றன. உளுந்தின் கொழகொழப்பு அவற்றைப் பிணைத்து நெகிழ்வெல்லையைத் தருகிறது. நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. அங்கங்கே பிறந்த சிறு குமிழிகள் அங்கங்கேயே சிக்கி மாவைப் பொங்கச் செய்கின்றன. மாவில் நீர் அதிகமானால் பிணைப்பு தளரும், குமிழி ஓடிவிடும். புளித்த மாவை ஓங்கிக் கலக்கினாலும் வாயு போய்விடும். “மாவை அடித்துக் கலக்காதே” என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பது பிங்காமின் விதியைப் படித்து அன்று. ஆயினும் விதி அதுவே.

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வானளாவ எழும் கட்டடங்களில் மறுபக்கத்தைக் காணலாம். புதிதாய்க் கலந்த கான்கிரீட்டில் கல்லும் மணலும் சிமெண்டும் நெருங்கி நிற்கும். ஊற்றும்போது அகப்பட்ட காற்று அப்படியே நின்றுவிட்டால் தூண் வலுவிழக்கும். ஆகவே அதிர்வுக் கருவியை உள்ளே செலுத்துகின்றனர். அதிர்ச்சியில் துகள்களின் பிடி சற்று நேரம் தளர, கான்கிரீட் திரவம்போல் ஆகிறது. காற்றுக் குமிழிகள் மளமளவென்று மேலே வருகின்றன. நெகிழ்வெல்லையைத் தற்காலிகமாக உடைத்துக் குமிழியை விடுவிக்கும் வழி இது.

இயற்கையும் இவ்வாறு செய்வதுண்டு. கடலோரச் சதுப்புச் சேற்றில் மட்கிய இலைதழைகளிலிருந்து மீத்தேன் வாயு பிறந்து சேற்றிலேயே சிக்கி நிற்கும். கடல் வற்றும்போது மேலிருக்கும் நீரின் அழுத்தம் குறையும். குமிழி விரியும். விரிந்தால் மேல்தள்ளும் விசை கூடும். சேற்றின் பிடி அறும். வற்றுநேரத்தில் சேறு கொப்புளிப்பதற்கு இஃதொரு காரணம்.

துகளைச் சுமக்கும் குமிழி

துகள் குமிழியைத் தடுப்பதையே இதுவரை கண்டோம். துகளைக் குமிழி சுமப்பதும் உண்டு. சில தாதுக்கள் நீரில் நனைய விரும்புவதில்லை. எண்ணெய் பூசியவைபோல் நீரை விலக்கும். இத்தகைய துகள் குமிழியோடு உரசினால் அதன்மேல் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். நனையும் மண்ணும் பாறைத்தூளும் கீழேயே தங்கும். ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் என்னுமிடத்தில், சுரங்கக் கழிவாகக் குவிந்து கிடந்த மணலிலிருந்து துத்தநாகத் தாதுவைப் பிரித்தெடுக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை பெருமளவில் கையாளப்பட்டது. நம் நாட்டிலும் சபா மாநிலத்தில் ரானாவ் அருகே 1975 முதல் 1999 வரை இயங்கிய மாமுட் செம்புச் சுரங்கத்தில் தாதுவை இவ்வாறு நுரையில் மிதக்கவிட்டே பிரித்தனர்.

இதிலும் அளவே முக்கியம். துகள் மிக நுண்ணியதாயின், குமிழியைச் சுற்றி ஒதுங்கும் நீரோடு தானும் ஒதுங்கிப் போய்விடும், மோதவே மோதாது. மிகப் பெரியதாயின், ஒட்டினாலும் தன் எடையால் கழன்று விழும். இடைப்பட்ட அளவுள்ளதே பயணஞ் செய்யும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனைச் செலவின்றிச் செய்து காட்டலாம். ஒரே அளவான மூன்று கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக்கொள்க. முதலாவதில் நீர்; இரண்டாவதில் நீர் சேர்த்துத் தளர்த்திய இட்லி மாவு; மூன்றாவதில் கெட்டியான, புளிக்காத மாவு. ஒவ்வொன்றிலும் விரற்கடை அளவு வெற்றிடம் விட்டு இறுக மூடுக. மூன்றையும் ஒரே நேரத்தில் தலைகீழாகக் கவிழ்க்கச் செய்து, காற்று மேலேறும் நேரத்தை மாணவர்களே எண்ணட்டும். பின்னர் மூன்றையும் நன்கு குலுக்கி வைத்து, சிறு குமிழிகள் எந்தக் குப்பியில் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்க்கட்டும். மூன்றாம் குப்பியில் பெரிய காற்று ஏறிய பின்னும் சிறு குமிழிகள் நகராமல் நிற்பதைக் கண்டவுடன், “பெரியது தப்பியது, சிறியது ஏன் சிக்கியது?” என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டா. எட்டு மடங்கையும் நான்கு மடங்கையும் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். அவர்களே சொல்வார்கள்.

அந்த மாணவர்களில் பலருடைய பாட்டனும் பாட்டியும் விடியுமுன் எழுந்து மங்கு துடைத்து, பால் வடித்து, வாளி சுமந்தவர்களாக இருப்பர். அவர்கள் கையிலிருந்த பாலுக்குள் ஸ்டோக்சும் ஐன்ஸ்டைனும் ஆராய்ந்த விதிகள் நாள்தோறும் நடந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாடம் மனத்தில் தங்கும்.